லாபமா, சமூகமா: மூன்று நிறுவனங்கள் போட்ட மூன்று கணக்கு

2017 பிப்ரவரியில், சோப்பும் உணவுப் பொருளும் விற்கும் யூனிலீவரை 14,300 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்வதாக அமெரிக்க உணவு நிறுவனமான கிராஃப்ட் ஹைன்ஸ் கேட்டது. யூனிலீவர் மறுக்கவே, விஷயம் வெளியே வந்த இரண்டே நாளில் பின்வாங்கியது. ஒரு நிறுவனத்தின் மதிப்பை எதை வைத்துக் கணக்கிடுவது என்பதில் இரண்டும் நேரெதிர் கட்சி.

கிராஃப்ட் ஹைன்ஸுக்கு லாப விகிதம்தான், அதாவது விற்பனையில் எத்தனை சதவீதம் லாபம் என்பதுதான், அளவுகோல். அதன் பின்னால் இருந்த 3ஜி கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம், ஒவ்வோர் ஆண்டும் எல்லாச் செலவுக்கும் பூஜ்யத்திலிருந்து காரணம் கேட்கும். போன வருஷம் ஒதுக்கிய பணம் என்பதற்காக இந்த வருஷம் எதுவும் கிடைக்காது. பங்குதாரர் பணத்தை வீணடிக்கக் கூடாது என்ற அக்கறை இதில் இருக்கிறது. ஆனால் வெட்டியது கொழுப்பா சதையா என்பதை லாப விகிதம் உடனே காட்டாது. 2019 பிப்ரவரியில் கிராஃப்ட், ஆஸ்கர் மேயர் பிராண்டுகளின் மதிப்பு உட்பட 1,540 கோடி டாலரைக் கணக்கிலிருந்து கழித்தார்கள். டிவிடெண்டும் குறைந்தது. மறுநாளே பங்கு விலை கால்வாசிக்கு மேல் சரிந்தது.

யூனிலீவரில் 2009இல் தலைமைக்கு வந்த பால் போல்மன், காலாண்டு லாபக் கணிப்பு சொல்வதையே நிறுத்தினார். அடுத்த ஆண்டு வந்த திட்டம், 100 கோடிக்கும் அதிகமானோரின் உடல்நலம், நல்வாழ்வு மேம்பட உதவுவோம் என்றது. கைகழுவக் கற்றுக்கொண்டவர்களும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தி. நல்ல வேலைதான், ஆனால் எத்தனை பேரைச் சென்றடைந்தோம் என்பதும் எத்தனை பேர் வாழ்க்கை மாறியது என்பதும் ஒன்றல்ல. 2017 ஏப்ரலில் யூனிலீவரே 20 சதவீத லாப விகிதத்தை இலக்காக அறிவித்து, 500 கோடி யூரோவுக்குப் பங்குகளைத் திரும்ப வாங்க முடிவுசெய்தது.

எனக்குப் பிடித்தது பிரான்ஸின் பால் பொருள் நிறுவனமான டனோன் போட்ட கணக்கு. 2019இல் அதன் லாபம் பங்குக்கு 3.85 யூரோ. பால் தரும் பண்ணைகள்வரை சேர்த்து, வெளியேறும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் 35 யூரோ விலை போட்டு, 1.47 யூரோவைக் கழித்து, 2.38 என்று காட்டினார்கள். இதன் அருமை, வெளியாள் யாரும் போட்டுப் பார்க்கலாம் என்பதுதான். டன்னுக்கு 100 யூரோ என்று வைத்தால் கழிவு 4.20 ஆகிறது, லாபமே மிஞ்சாது. வாயு வெளியிடும் உரிமையை வாங்கி விற்கும் ஐரோப்பியச் சந்தையில் ஒரு டன்னின் விலை 2023இல் அந்த 100ஐத் தொட்டும்விட்டது. இப்படிக் கணக்குக் காட்டிய டனோன் தலைவர் இம்மானுவேல் ஃபாபர், பங்கு விலை பின்தங்குகிறது என்று சில முதலீட்டாளர்கள் நெருக்க, 2021 மார்ச்சில் பதவி இழந்தார்.

டனோன் முறையிலும் பெரிய ஓட்டை உண்டு: வாயுவைத் தவிர வேறெதுவும் அதில் வராது. யூனிலீவரின் இந்தியக் கிளை கொடைக்கானலில் நடத்திய தெர்மாமீட்டர் ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரியவந்து 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 ஆயிற்று. அந்தப் பதினைந்து ஆண்டுக் காத்திருப்பைக் கழிக்க, மேலே சொன்ன மூன்று கணக்கிலும் ஒரு வரிகூட இல்லை.