கூன் விழுந்த முதுகு: கை சிகிச்சையா, பயிற்சியா?

மேல்முதுகு முன்னால் வளைந்து, தோள்பட்டைகளுக்கு நடுவே எரிகிற மாதிரி வலி. பிசியோதெரபிஸ்ட்டிடம் போனால் பெரும்பாலும் இரண்டு வழி: அவர் கையால் அழுத்திச் செய்யும் கை சிகிச்சை, நாமே செய்யும் பயிற்சி.

கை சிகிச்சையில் குப்புறப் படுக்கவைத்து, மார்புக்குப் பின்னால் உள்ள 12 முள்ளெலும்புகளில் இறுகிப்போனவற்றை உள்ளங்கையால் அழுத்தி அசைப்பார்கள். எழுந்ததும் முதுகு லேசாகிவிடும். ஆனால் அந்தச் சுகம் பெரும்பாலும் சில நாள்தான். 'டக்' சத்தம் கேட்டால் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூட்டுத் திரவத்தில் வாயு செய்யும் வேலை அது. எலும்புப்புரை (எலும்பு பலமிழந்து எளிதில் உடையும் நோய்) உள்ளவர்களுக்குப் பலமான அழுத்தம் கூடவே கூடாது.

பயிற்சி மெதுவானது, சலிப்பும் தட்டும். துண்டைச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு அடியில் குறுக்கே வைத்து மல்லாந்து படுங்கள். கைகளைத் தலைக்குப் பின்னால் மெல்லக் கொண்டுபோங்கள். கீழ்முதுகு தரையைவிட்டு எழும்பினால் அது கள்ள ஆட்டம். வளைய வேண்டிய இடம் வளையவில்லை. அடுத்து, உடற்பயிற்சிக்கான நீள ரப்பர் பேண்டைக் கதவில் மாட்டி முழங்கைகளைப் பின்னால் இழுப்பது. தோள் காதுப்பக்கம் ஏறக்கூடாது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம்.

என் ஓட்டு பயிற்சிக்கே. வலியால் கையைத் தூக்கவே முடியாதவர்கள் மட்டும் முதலில் இரண்டு மூன்று தடவை கை சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு நிமிர்ந்தாலும் வளைவு துளியும் மாறவில்லையா? எலும்பின் வடிவமே மாறியிருக்கலாம். மருத்துவரிடம் காட்டி, எக்ஸ்ரே பார்த்த பிறகு எதையும் தொடங்குங்கள்.