ஓமோரி: பல மாதம் ஆடியவர்கள் சொல்வது

ஓமோரியின் முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்துவிட்டு, இது சின்னப் பிள்ளைகள் கேம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கலர் பென்சிலில் வரைந்த முகங்கள், புல்வெளியில் விரித்த பிக்னிக் விரிப்பு, தலையில் முளை விட்ட அகழெலிகள், நான்கு நண்பர்கள்: நாம் ஆட்டும் ஓமோரி, ஆப்ரி, கெல், ஹீரோ (அவன் பெயரே அதுதான்). தம்பி தங்கைக்கு இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கேம் திறந்ததுமே மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை பற்றிய காட்சிகள் உண்டு என்று எச்சரிக்கை வருகிறது. அது பேருக்குப் போட்டது அல்ல. ஒரே அறையில் வீடே உட்கார்ந்திருக்கும் நம் ஊர் வீடுகளில், சின்னப் பசங்கள் தூங்கியபிறகு ஹெட்ஃபோன் மாட்டி ஆடுவதுதான் சரி. இந்தக் காட்சிகள் யாருக்காவது மனதை அழுத்தினால் கேமை மூடிவிட்டு 14416 டெலி மானஸுக்குப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

ஓமோகேட் குழு 2014-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, 2020 டிசம்பர் 25 அன்று கணினிக்கு வெளியிட்டது. ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸுக்கு 2022 ஜூனில்தான் வந்தது. தமிழ் கிடையாது. ஆனால் இங்கிலீஷ் எளிது, வாக்கியங்கள் சின்னவை, பட்டன் அழுத்தும்வரை வசனம் அப்படியே நிற்கும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களும் தாராளமாக ஆடலாம்.

கிராஃபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. 4 ஜிபி ராம் உள்ள விலையில்லா லேப்டாப்பிலும் ஓடுகிறது. ஆனால் பின்னணியில் ப்ரவுசர் திறந்திருந்தால் பெரிய வரைபடம் மாறும் இடங்களில் திக்கும். இது ஆர்பிஜி மேக்கர் எம்வி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்தது. அதில் செய்த கேம்கள் ப்ரவுசர் எஞ்சின் மேலேதான் ஓடுகின்றன, ராமுக்கு இரண்டும் போட்டி போடும். படத்தின் அசல் அளவு 640x480. 1366x768 திரையில் முழுத்திரை வைத்தால் அது முழு மடங்காகப் பெருகாது, பிக்சல் கோடுகள் தடித்தும் மெலிந்தும் தெரியும். அந்தத் திரையில் சின்ன விண்டோவில் ஆடுவதே அழகு. 1080 திரை இருந்தால் சரியாக இரண்டு மடங்கு வைக்க முடியும்.

சேவ் விஷயத்தில்தான் நிறைய பேர் அழுகிறார்கள். கதையின் பெரும்பகுதி நடக்கும் கனவு உலகத்தில், மாரி என்ற பெண்ணின் பிக்னிக் விரிப்பு இருக்கும் இடத்தில்தான் சேவ். ஹார்ட்டும் (உயிர்) ஜூஸும் (ஸ்கில்லுக்குச் செலவாகும் சக்தி) நிரம்புவதும் அங்கேதான். இரண்டு விரிப்புகளுக்கு நடுவே கரன்ட் போனால் நடுவில் ஆடியதெல்லாம் போச்சு. பேட்டரி செத்த லேப்டாப்பில், கோடைகால ராத்திரிகளில் இது சாதாரணமாக நடக்கும். விரிப்பைக் கண்டால் ஏற்கெனவே சேவ் செய்திருந்தாலும் மறுபடி செய்யுங்கள். விண்டோஸில் சேவ் கோப்புகள் கேம் ஃபோல்டருக்குள்ளேயே www, அதற்குள் save என்ற இடத்தில் இருக்கின்றன. கேம் சென்டர் கணினியில் ஆடுகிறவர்கள் எழுந்திருக்கும் முன் அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகும் மென்பொருள் பல சென்டர்களில் போட்டிருக்கிறார்கள்.

இனி சண்டை. இந்தக் கேமின் உயிர் இங்கேதான். மற்ற கேம்கள்போல் நெருப்பு, தண்ணீர் என்று பிரிக்காமல் உணர்ச்சிகளை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சி கோபத்தை வெல்லும், கோபம் சோகத்தை வெல்லும், சோகம் மகிழ்ச்சியை வெல்லும். சரியான பக்கத்தில் நின்றால் அடி ஒன்றரை மடங்கு. அதே உணர்ச்சியை இன்னொரு படி ஏற்றினால் இரண்டு மடங்கு. மூன்றாம் படிக்கு நண்பர்கள் நால்வரில் ஓமோரி மட்டுமே போக முடியும், அது ஏன் என்பதைக் கதை மெல்லச் சொல்லும். எல்லாவற்றுக்கும் விலை உண்டு. கோபத்தில் அடி ஏறும், தற்காப்பு பாதியாகும். மகிழ்ச்சியில் வேகமும் லக்கும் கூடும், குறி தவறும். சோகத்தில் தற்காப்பு கூடும், ஆனால் வாங்கும் அடியில் ஒரு பகுதி ஜூஸில் கழியும். ஜூஸ் தீர்ந்தால் ஸ்கில் இல்லை.

புதிதாக ஆடுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இதைச் சட்டை செய்யாமல் அட்டாக் மட்டும் அழுத்துவதால். கனவு உலகத்தின் ஒரு பகுதியான அதர்வேர்ல்டில் வரும் பெரிய எதிரி ஸ்பேஸ் எக்ஸ்-பாய்ஃப்ரெண்ட் கோபத்தில் ஏறிக்கொண்டே போவான். ஆப்ரியின் பெப் டாக் ஸ்கில்லால் எல்லோரையும் மகிழ்ச்சியில் வையுங்கள். இன்னொரு பெரிய எதிரி ஸ்வீட்ஹார்ட் மகிழ்ச்சியில் ஏறுவாள், அங்கே ஓமோரியின் சேட் போயம் போட்டு சோகத்துக்கு மாறுங்கள். அந்தச் சண்டைக்கு ஹார்ட் நிரப்பும் பண்டங்களைவிட ஜூஸ் நிரப்புபவை அதிகம் வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான். கோபமூட்டும் கெல்லின் அனாயை எதிரிமேலும் போடலாம், நண்பன்மேலும் போடலாம். ஹீரோவின் குக் ஹார்ட்டை நிரப்பும், மசாஜ் உணர்ச்சியைக் கழற்றிவிடும். தப்பான உணர்ச்சியில் மாட்டிக்கொண்டவரை மீட்க மசாஜைப் பலரும் பயன்படுத்துவதே இல்லை.

சாதாரண அட்டாக் அடித்த உடனே அம்புக்குறி தோன்றும். நேரத்துக்கு அந்த அம்புப் பட்டனை அழுத்தினால் நண்பர்கள் சேர்ந்து அடிப்பார்கள், எனர்ஜி 3 செலவாகும். அடி வாங்க வாங்க எனர்ஜி ஏறும், உச்சம் 10. பத்தையும் ஒரே தாக்குதலில் கொட்டும் வழி பின்னால் கிடைக்கும். பெரிய எதிரி வருவது தெரிந்தால் மூன்று மூன்றாகக் கரைக்காமல் சேர்த்து வையுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் அம்புப் பட்டன்கள் மக்கர் பண்ணலாம். சரியாக அழுத்தியும் கூட்டு அடி வரவில்லை என்றால் முதலில் கீபோர்டைப் பாருங்கள், இல்லையென்றால் கன்ட்ரோலருக்கு மாறிவிடுங்கள். நண்பர்கள் விழுந்தால் டோஸ்ட் ஆவார்கள், லைஃப் ஜாம் என்ற பண்டம் எழுப்பும். ஓமோரி விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு சண்டையில் ஒரே ஒரு முறை மட்டும் 1 ஹார்ட்டில் தாக்குப்பிடிப்பான்.

பயம் வரும் விதம் வேறு. உயரம், சிலந்தி, தண்ணீர் என மூன்று பயங்கள் எதிரியாக வந்து நிற்கும். அவற்றை அடித்து ஜெயிக்க முடியாது. மாரியின் குரல் சொல்வதைக் கேட்டு, அதில் கிடைக்கும் புது ஸ்கில்லை அழுத்த வேண்டும். முதல் பயத்தில் கிடைக்கும் காம் டவுன் பின்னாலும் கைகொடுக்கும், மறந்துவிடாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்வீட்ஹார்ட்டின் கோட்டை தேவைக்கு மேல் நீளம், நிறைய பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். எதிரே வரும் எதிரிகள் எல்லோரோடும் மோதாமல் ஷிஃப்ட் அழுத்தி ஓடி, பிக்னிக் விரிப்பிலிருந்து பிக்னிக் விரிப்புக்குப் போனால் தாண்டிவிடலாம். ஆனால் மற்ற இடங்களில் ஓடாதீர்கள். பக்கவேலைகள், போட்டோ ஆல்பம், யாரோ சொல்லும் ஒரு வரி, எல்லாம் பின்னால் வரும் திகிலுக்கு அடித்தளம். வேடிக்கையாகக் கடந்துபோன ஒன்று கடைசிப் பகுதியில் வேறு முகத்தோடு திரும்பும்போது வயிறு கலங்கும். திடீரென்று கத்திப் பயமுறுத்துவதைவிட இது பலமான வேலை.

கனவிலிருந்து விழித்தபிறகு கெல் வந்து கதவைத் தட்டுவான். முதல் முறை ஆடுகிறவர்கள் திறந்துவிடுங்கள், கதையின் முழு பாரமும் அந்த வழியில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய சேவ் கோப்பைத் தனி ஸ்லாட்டில் விட்டுவைத்தால், திறக்காத வழியையும் பிறகு அங்கிருந்தே ஆடிப் பார்க்கலாம். அதில் கனவு உலகத்தில் புது இடங்களும் கடினமான எதிரிகளும் இருக்கிறார்கள், ஆனால் முடிவு இருண்டது.