மீட்டர் வைக்காமல் ஆல்டர்னேட்டரை மாற்ற விடாதீர்கள்

சென்ற மாதம் ஓர் இரவு, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தண்டையார்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, என் காரின் ஹெட்லைட்டுகள் மங்குவதும் பளிச்சிடுவதுமாகத் துடிக்கத் தொடங்கின. மறுநாள் வீட்டருகே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், வோல்ட் அளக்கும் மீட்டர் எதையும் வைக்காமலேயே, ஆல்டர்னேட்டரும் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) பேட்டரியும் போய்விட்டதாகச் சொல்லி, இரண்டையும் மாற்றி 17,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். முறையான பில் தரவில்லை. கழற்றிய பாகங்களைக் கேட்டபோது, "அதெல்லாம் எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு சார்" என்று முடித்துவிட்டார்கள்.

பத்தே நாளில் அதே துடிப்பு மீண்டும் வந்தது.

இம்முறை காலடிப்பேட்டையில் வயதில் மூத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏசியையும் போடச் சொல்லிவிட்டு அவர் மல்டிமீட்டரை எடுத்தார். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட் இருந்தது; பேட்டரி முனைகளிலோ 13.1 தான், அதுவும் நிலையில்லாமல் ஆடியது. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே அளந்தார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 1.1 காட்டியது. "எர்த் ஒயர் உப்பு பூத்துப் போச்சு தம்பி, ஆல்டர்னேட்டர் என்ன பண்ணும்?" என்றார். கடற்காற்று வீசும் நம் பகுதியில் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் அந்த எர்த் பட்டை அரித்துப்போவது அரிதன்று. அதன் வழியே திரும்பவேண்டிய மின்னோட்டம் தடைபட்டு விட்டுவிட்டுப் பாய்வதால்தான் விளக்கு துடித்திருக்கிறது. புதிய பட்டை போட்டு, போல்ட் அமரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய அவர் வாங்கியது 450 ரூபாய்.

உங்கள் காரில் இப்படி நேர்ந்தால், எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்கும் முன் அளவுகளை உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள். இரவு முழுதும் நின்ற காரில் நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்கும். சார்ஜிங்கைக் கணினியே கட்டுப்படுத்தும் புதிய கார்களில் மட்டும் இது சற்று மாறலாம். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டின் இறுக்கத்தையும் பேட்டரி முனைகளையும் எர்த் பட்டையையும் பார்த்த பிறகே ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

மீட்டர் காட்டிய அளவுகளைப் படமெடுத்துக்கொண்டு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்டேன். பொருத்திய பாகத்துக்குப் பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் ஆல்டர்னேட்டர் எங்கே போனது என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.