முத்திரை இருந்தது, பெல்ட் மாறவில்லை: பழைய ஃபெராரி எஃப்355 வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் பழைய ஃபெராரி எஃப்355 ஒன்றை வாங்க எண்ணியிருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். டைமிங் பெல்ட்டுகள் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பட்டைகள்) 2021-இல் மாற்றப்பட்டவை என்று விளம்பரத்திலும் சர்வீஸ் புத்தகத்திலும் எழுத்து மூலம் உறுதி கூறி எனக்கு விற்கப்பட்ட காரில், அந்த பெல்ட்டுகள் 2014-க்குப் பிறகு யார் கையும் படாதவை என்பது இன்ஜினை இறக்கிய பிறகுதான் தெரியவந்தது. விற்ற ஷோரூமின் பெயரை, விவகாரம் நீதிமன்றத்தில் இருப்பதால், இங்கே சொல்லவில்லை. அவர்கள் கையாண்ட முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் அதே முறையை வேறு எவரும் எளிதாகக் கையாள முடியும்.

ஏமாற்று எப்படி நடந்தது என்பது புரிய வேண்டுமானால் இந்தக் காரின் அமைப்பு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1994-இல் 348 மாடலின் இடத்துக்கு வந்து, 1999-இல் 360 மொடேனாவுக்கு வழிவிட்ட எஃப்355-க்கு வடிவம் கொடுத்தது பினின்ஃபரீனா. அதன் 3.5 லிட்டர் வி8 இன்ஜினில் சிலிண்டருக்கு ஐந்து வீதம் 40 வால்வுகள் உள்ளன. கனெக்டிங் ராடுகள் டைட்டானியத்தால் ஆனவை. நிமிடத்துக்கு 8,250 சுழற்சியில் 380 குதிரைத்திறன் தரும் அந்த இன்ஜின், மேலே ஏற ஏற எழுப்பும் ஒலியைக் கேட்டவர்கள் இந்தக் காரை ஏன் இத்தனை பேர் தேடுகிறார்கள் என்று கேட்க மாட்டார்கள். நான் அந்த ஒலிக்காகவும், உலோகத் தகட்டின் வெட்டுகளுக்குள் விரல் அழுத்தத்தில் விழும் அந்தக் கை கியருக்காகவும்தான் பல ஆண்டுச் சேமிப்பை இதில் போட்டேன். இன்றும் அந்தக் காரின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை முழுவதும் அதை விற்றவர்கள் மேல்தான்.

எஃப்355-இன் இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் நீளவாக்கில் அமர்ந்திருக்கிறது. வால்வுகளை இயக்கும் இரண்டு டைமிங் பெல்ட்டுகளும் இன்ஜினின் முன்முகத்தில், பயணிகள் அறைத் தடுப்பை ஒட்டி இருக்கின்றன. அந்த இடுக்கில் சரியாக வேலை செய்ய வழியில்லாததால், பெல்ட் மாற்றுவதென்றால் இன்ஜின், கியர்பாக்ஸ், பின்பக்க சஸ்பென்ஷன் சட்டம் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகக் கீழே இறக்கி, காரின் உடலை மேலே தூக்கிவிட்டுத்தான் செய்வார்கள். அடுத்து வந்த 360 மொடேனாவில் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடியைக் கழற்றி பெல்ட்டை எட்ட முடிகிறது. இதில் அந்த வசதி கிடையாது. ஆகவே பேரிங், சீல், வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் அதோடு சேர்த்துப் பார்க்கும் ஒரு முழு சர்வீஸ் பல ஆயிரம் பவுண்டு பிடிக்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, ஐந்து ஆண்டு வரை பொறுக்கலாம் என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. கார் ஓடினாலும் ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகிக்கொண்டே இருக்கும் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் திறந்திருக்கும் வால்வுகளில் மோதும், அதன்பின் இன்ஜினையே பிரித்துக் கட்ட வேண்டியதுதான்.

வாங்குபவர் கண்ணால் பார்க்க முடியாத, ஆனால் விலையில் பல ஆயிரம் பவுண்டு வித்தியாசம் காட்டும் ஒரு வேலை என்பதால், இங்கே விற்கப்படுவது பெரும்பாலும் காகிதம்தான். எனக்குக் காட்டப்பட்ட சர்வீஸ் புத்தகம் உண்மையானது, அதில் இருந்த முத்திரைகளும் உண்மையானவை. 2021-ஆம் ஆண்டுப் பக்கத்தில், பெயர் பெற்ற ஓர் ஒர்க்‌ஷாப்பின் முத்திரைக்கு மேலே, ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் ஆகிய கட்டங்களில் நீல மையில் டிக் போடப்பட்டிருந்தது, பெல்ட் என்ற கட்டத்திலும் டிக் இருந்தது. அந்த ஒரு டிக் மட்டும் கறுப்பு மையில், வேறு அழுத்தத்தில் போடப்பட்டது என்பதை வெயிலில் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் காணலாம். ஷோரூமின் மங்கலான மஞ்சள் விளக்கின் கீழ் அந்த வேறுபாடு தெரிய வாய்ப்பே இல்லை. அந்த ஆண்டுக்கான பில் எங்கே என்று வாங்குமுன் நான் கேட்டபோது, முந்தைய உரிமையாளர் வீடு மாறியதில் சில காகிதங்கள் தொலைந்துவிட்டன என்றும், முத்திரையைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் என்றும் பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியாள் ஒருவர் சோதித்ததாக ஓர் அறிக்கையையும் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாகப் படங்களுடன் இருந்த அந்த அறிக்கை, எட்டிப் பார்க்க முடியாத பாகங்களைப் பற்றிச் சேவை ஆவணங்களை நம்பியே எழுதப்பட்டது என்று கடைசிப் பக்கத்தில் சொல்லிக்கொண்டது. அதாவது பெல்ட்டுக்கு ஆதாரம் முத்திரை, அறிக்கைக்கும் ஆதாரம் அதே முத்திரை. சோதித்தவர் அந்த ஷோரூமின் மற்றக் கார்களுக்கும் வழக்கமாக அறிக்கை எழுதித் தருபவர் என்பது பின்னால் தெரிந்தது.

முதல் அறிகுறி பெல்ட்டிலிருந்து வரவில்லை. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று சன்னமான சத்தம் வரும், சூடானதும் நின்றுவிடும். சில வாரங்களில் டாஷ்போர்டில் ‘ஸ்லோ டவுன்’ விளக்கு மின்னத் தொடங்கியது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. ஷோரூமைத் தொலைபேசியில் அழைத்தபோது, இந்த மாடலில் அந்த விளக்கு எப்போதும் பொய் சொல்லும், சென்சார் கோளாறுதான், கவலைப்படாமல் ஓட்டுங்கள் என்றார்கள். அந்த சென்சார்கள் அடிக்கடி பழுதாவது உண்மைதான், அதனாலேயே இந்தப் பதில் நம்பும்படியாக ஒலிக்கிறது. ஆனால் எஃப்355-இன் இன்னொரு பேர்போன பலவீனம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி. மெல்லிய குழாய்களை ஒரு தகட்டு உறை மூடியிருப்பதால் உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. விரிசல் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்தால், ஆக்சிஜன் சென்சார் எரிபொருள் குறைவாக இருப்பதாகத் தவறாக எண்ணும், இன்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டும், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரியும். குளிர்ந்த இன்ஜினில் கேட்ட அந்த டிக் டிக் சத்தம் விரிசலின் சத்தம்தான்.

இந்த மாடலில் பல ஆண்டு அனுபவமுள்ள, எந்த விற்பனையாளரோடும் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். மேனிஃபோல்டுக்காக இன்ஜினை இறக்கியவர், வேலையை நிறுத்திவிட்டு என்னை நேரில் வந்து பார்க்கச் சொன்னார். இறக்கி வைத்த இன்ஜினின் பெல்ட் மூடியில், வெள்ளைப் பெயின்ட் பேனாவால் யாரோ ஒரு கவனமான மெக்கானிக் எழுதிய தேதியும் மைல் கணக்கும் இருந்தன: ஜூலை 2014. மூடியின் போல்ட்டுகளைச் சுற்றி எண்ணெயும் தூசியும் கலந்து கெட்டியாகப் படிந்திருந்த படலம் எங்கும் உடையவில்லை. 2021-இல் யாராவது அவற்றைக் கழற்றியிருந்தால் அந்தப் படலம் அப்படியே இருந்திருக்க முடியாது. மூடியைத் திறந்ததும் பெல்ட்டை விரலால் மடக்கிக் காட்டினார், பல்லின் அடிவாரத்தில் வரி வரியாக வெடிப்பு. இதை வைத்துக்கொண்டு ஒருநாள் கூட ஓட்டியிருக்கக் கூடாது என்றார். எதையும் கழற்றுவதற்கு முன்பே தேதி, போல்ட், படலம் அனைத்தையும் அவர் படமெடுத்து வைத்திருந்தது எனக்குப் பேருதவியாக அமைந்தது. அவருக்கு இங்கே நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

அதன்பின் முத்திரையிலிருந்த ஒர்க்‌ஷாப்பைத் தொடர்புகொண்டேன். அவர்கள் தங்கள் பதிவேட்டைப் பார்த்து, 2021-இல் அந்தக் காருக்குச் செய்தது ஆயில் சர்வீஸும் ஆண்டுச் சோதனையும் மட்டுமே என்றும், பெல்ட்டுகளுக்குக் காலம் கடந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று அப்போதே எழுதிக் கொடுத்ததாகவும் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தினார்கள். தொலைந்ததாகச் சொல்லப்பட்ட பில் அதுதான். ஒரு தொலைபேசி அழைப்பில் வெளிப்பட்டுவிடும் பொய்யை இத்தனை துணிவோடு சொல்கிறார்கள் என்றால், அந்த அழைப்பைப் பெரும்பாலானோர் செய்வதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள்.

பழுதைச் சரிசெய்து தரும்படி முதலில் ஷோரூமுக்கே எழுதினேன். நீங்களும் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும், விற்றவருக்கு வாய்ப்புத் தராமல் வேறிடத்தில் வேலையை முடித்துவிட்டால் பிறகு பணம் கேட்பது கடினமாகும். அவர்கள் மறுத்து அனுப்பிய பதிலில்தான் இரண்டாவது தந்திரம் வெளிப்பட்டது. விற்பனை ரசீதின் அடியில், இந்த வாகனம் தனிநபர் உரிமையாளர் சார்பில் விற்கப்படுகிறது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. விலையுயர்ந்த பழைய கார்களை உரிமையாளரிடமிருந்து வாங்காமல், கமிஷனுக்கு நிறுத்தி விற்றுத் தருவது இங்கே இயல்பான வணிகம்தான். ஆனால் விற்பவர் வணிகரா தனிநபரா என்பதைப் பொறுத்து வாங்குபவரின் உரிமைகள் தலைகீழாகிவிடுகின்றன. வணிகரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் துணை நிற்கும்: பழுதுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் பழுது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. தனிநபரிடம் வாங்கினால் அந்தத் தர உத்தரவாதம் கிடையாது, சொன்ன விவரம் பொய் என்று காட்டினால்தான் வழி உண்டு.

என் விஷயத்தில் அந்தச் சிறு எழுத்து வரியும் பொய்யாகவே இருந்தது. கோப்பிலிருந்த பழைய பில் ஒன்றில் முந்தைய உரிமையாளரின் முகவரி இருந்ததால் அவருக்குக் கடிதம் எழுதினேன். காரை அந்த ஷோரூமுக்கே முழு விலைக்கு விற்று, அன்றே வங்கிக் கணக்கில் பணம் பெற்றுவிட்டதாக அவர் பதில் எழுதியதோடு, அதற்கான ரசீதின் நகலையும் அனுப்பிவைத்தார். தாம் கொடுத்த கோப்பில் 2021-ஆம் ஆண்டு பில்லும் இருந்தது என்று அவர் குறிப்பிட்டதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் அடங்கவில்லை.

கிரெடிட் கார்டில் முன்பணம் கட்டினால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு தரும் அந்தப் பாதுகாப்பு, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருந்தால்தான் பொருந்தும். முன்பணம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கணக்கில் வருவது காரின் முழு விலைதான். இன்றைய விலையில் எந்த நல்ல எஃப்355-உம் அந்த வரம்புக்குள் வராது.

ஆகவே வாங்குமுன் சர்வீஸ் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு பில்களைக் கேளுங்கள். இன்ஜின் இறக்கிய வேலைக்கான பில்லில் பெல்ட், டென்ஷனர் பேரிங், சீல்கள் என்று பாகங்கள் தனித்தனியாக எண்ணோடு இருக்கும், கூலிக்கான மணிக்கணக்கும் இருக்கும். அந்த பில் இல்லையென்றால் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பில் இருந்தாலும் அந்த ஒர்க்‌ஷாப்பை நீங்களே அழைத்து, காரின் எண்ணையும் தேதியையும் சொல்லிச் சரிபாருங்கள். அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எம்.ஓ.டி (கட்டாய ஆண்டுத் தகுதிச் சோதனை) வரலாறு மைல் கணக்கைச் சரிபார்க்க மிகவும் பயன்படும், ஆனால் எம்.ஓ.டி சோதனையில் டைமிங் பெல்ட்டைப் பார்ப்பதே இல்லை. சோதிக்கும் மெக்கானிக்கை நீங்களே தேர்ந்தெடுங்கள். இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது முதல் முறை ஸ்டார்ட் செய்வதைக் கேட்கவும், ஒவ்வொரு சிலிண்டரிலும் லீக் டவுன் சோதனை (காற்றழுத்தம் கொடுத்துக் கசிவை அளப்பது) செய்யவும் அவரை அனுமதிக்கச் சொல்லுங்கள். தொடக்க ஆண்டுகளில் வந்த கார்களில் வால்வுகளைத் தாங்கி வழிநடத்தும் வெண்கல வால்வ் கைடுகள் தேய்வது தெரிந்த விஷயம், அதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சைத் தொடர வேண்டாம். குறைந்த மைல் ஓடிய கார் என்ற பெருமைக்கும் அதிக விலை தராதீர்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் சீல்கள் காய்ந்து கசிவதும், டயர்கள் உருவம் கெடாமலே கெட்டுப்போவதும் இயல்பு. டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்.

பெல்ட் வேலைக்கும் இரு பக்க மேனிஃபோல்டுக்குமாக எனக்கு ஆன செலவு 13,600 பவுண்டு. வால்வ் கைடுகள் நல்ல நிலையில் இருந்தன. வழக்குக்கு முந்தைய அறிவிப்புக் கடிதத்தோடு ஆதாரங்களை அனுப்பியதும், தவறை ஒப்புக்கொள்ளாமலே 4,500 பவுண்டு கொடுத்தார்கள், அதை முழுத் தீர்வாக ஏற்பதாகக் கையெழுத்திடச் சொன்னார்கள். பகுதித் தொகையாக மட்டுமே பெற்றுக்கொள்வதாக எழுதித் தெரிவித்துவிட்டு, மீதி 9,100 பவுண்டுக்கு வழக்குத் தொடுத்திருக்கிறேன். 10,000 பவுண்டுக்கு உட்பட்டது என்பதால் சிறு வழக்குகள் பிரிவிலேயே அது விசாரிக்கப்படும். விளம்பரத்தின் நகல், சர்வீஸ் புத்தகப் பக்கத்தின் படம், ஒர்க்‌ஷாப்பின் மின்னஞ்சல், முந்தைய உரிமையாளரின் ரசீது, பெல்ட் மூடியின் படங்கள் ஆகியவற்றை மனுவோடு இணைத்திருக்கிறேன். கழற்றிய பழைய பெல்ட்டுகளும் மேனிஃபோல்டுகளும், பெயரும் தேதியும் ஒட்டப்பட்டு, விசாரணை முடியும் வரை அந்த மெக்கானிக்கிடமே பத்திரமாக இருக்கின்றன.