கொடுக்க ஒரு நொடி, திரும்ப வாங்க மூன்று மாதம்: வி-ஸ்பியருடன் பதினோரு ஆண்டுகள்

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். முன்பு எங்கள் தரவு மையத்தில் இரவுப் பணியில் இருந்தவன். இப்போது ஒரு பின்னலாடை நிறுவனத்தின் சர்வர் அறை முழுவதும் அவன் பொறுப்பு. "அண்ணா, மூன்று சர்வர், நாற்பது வி.எம். வி-ஸ்பியரிலேயே இருக்கலாமா, வேறு ஏதாவது பார்க்கலாமா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றான். வி-ஸ்பியர் என்பது ஒரே சர்வரில் பல கணினிகளை மென்பொருளாகவே ஓட்ட உதவும் விஎம்வேர் நிறுவனத்தின் தொகுப்பு; அப்படி ஓடும் ஒவ்வொன்றும் ஒரு வி.எம். அவன் கேட்டது ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமாக எனக்குப் படவில்லை. அவனுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது.

நான் 2014இல் 5.5 பதிப்பில் தொடங்கினேன். அதன் பிறகு 6.5, 6.7, 7 என்று வந்து இப்போது 8. அம்பத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் மையத்தில் 22 ஹோஸ்ட் (வி.எம்.களைச் சுமக்கும் சர்வர்), ஏறத்தாழ 600 வி.எம். கிளஸ்டர் என்றால் ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கப்படும் ஹோஸ்டுகளின் கூட்டம்; மற்ற அடிப்படைகளுக்குள் போகவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓடும் வி.எம்.மை அணைக்காமலே ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் வி-மோஷன் வசதி 2003இல் வந்தது. இத்தனை ஆண்டு பார்த்த பிறகும் அதன் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. சென்ற மார்ச்சில் ஒரு நாள் பகல் பதினொன்றரை மணிக்கு, ஒரு ஹோஸ்டில் ரேம் பழுதென்று ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஹோஸ்டைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றினேன். அதிலிருந்த 31 வி.எம்.களும் ஓடிக்கொண்டிருந்தபடியே பக்கத்து ஹோஸ்டுகளுக்குப் போயின. நினைவகத்தை முதலில் ஒருமுறை முழுதாக நகலெடுக்கிறது; அதற்குள் மாறிவிட்ட பக்கங்களை மறுபடி எடுக்கிறது; மிச்சம் கொஞ்சமாகச் சுருங்கியதும் வி.எம்.மை ஒரு கணம் நிறுத்திக் கடைசிப் பக்கங்களையும் அந்தப் பக்கம் கொடுத்துவிடுகிறது. அந்த நிறுத்தம் பெரும்பாலும் ஒரு நொடிகூட ஆவதில்லை. பன்னிரண்டே காலுக்கு நான் அந்தச் சர்வரை ராக்கிலிருந்து வெளியே இழுத்து மூடியைத் திறந்தபோது, மேல்மாடியில் பில் போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கும் எதுவும் தெரியாது. 2020இல் 7ஆம் பதிப்பு வந்தபோது, ஹோஸ்டுகளுக்கிடையே சுமையைத் தானாகப் பகிர்ந்தளிக்கும் டிஆர்எஸ்ஸையும் புதிதாக எழுதினார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளஸ்டரின் சமநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வி.எம்.மின் நலத்தையும் பார்க்கத் தொடங்கியது. எங்கள் இரவுப் பணி அதன் பிறகுதான் அமைதியானது.

இனி என்னைப் பல ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வி.எம்.முக்கு வி-சிபியு (வி.எம். தன்னுடையதாகக் காணும் செயலி) கூட்டிக் கொடுப்பது மிக எளிது. ஹாட் ஆட் வசதி இயங்கியிருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே 8ஐ 16 ஆக்கலாம். குறைக்க வேண்டுமானால் வி.எம்.மை அணைத்தாக வேண்டும். இதற்கு வி-ஸ்பியரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. உள்ளே ஓடும் விண்டோஸே ஓடும்போது சிபியுவைப் பிடுங்கினால் ஏற்காது. காரணம் எதுவானாலும் பலன் ஒன்றுதான். கொடுத்தது திரும்பி வருவதில்லை. எல்லாத் துறையும் கூடுதலாகக் கேட்கிறது. திருப்பித் தருகிறேன் என்று ஒரு துறைகூட இந்தப் பதினோரு ஆண்டில் வந்ததில்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு ஒரு வி.எம்.மைக் காட்டுகிறேன்.

ஒரு கணக்கு மென்பொருளுக்காக 16 வி-சிபியு கொடுத்திருந்தோம். அதை விற்ற நிறுவனம் கேட்ட அளவு அது. மாதக் கடைசி அறிக்கை எடுக்க 47 நிமிடம் ஆகிறது என்று புகார் வந்தது. 24 ஆக்கிக் கொடுங்கள், சரியாகிவிடும் என்றது அதே நிறுவனம். எல்லா ஹோஸ்டுகளையும் நிர்வகிக்கும் வி-சென்டரின் முதல் பக்கத்தில் சிபியு பயன்பாடு 14 சதவீதம் என்று இருந்தது. பதினாறில் 14 சதவீதம் என்றால் இரண்டேகால் வி-சிபியுவுக்கான வேலைதான். வேலையே இல்லாத இடத்தில் வேகம் ஏன் இல்லை?

பதில் வேறொரு வரைபடத்தில் இருந்தது: சிபியு ரெடி. வி.எம். வேலை செய்யத் தயாராக நிற்கிறது, ஆனால் சர்வர் செயலியின் உண்மையான கோர் (வேலை செய்யும் அலகு) கிடைக்கவில்லை. அப்படிக் காத்திருந்த நேரம் அது. நிகழ்நேர வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியும் 20 நொடிக்கானது. அன்று அது 38,400 மில்லிநொடி காட்டியது. பதினாறால் வகுத்தால் ஒரு வி-சிபியுவுக்கு 2,400. இருபதாயிரத்தில் 2,400 என்றால் 12 சதவீதம். ஒரு வி-சிபியுவுக்கு 5 சதவீதம் தாண்டினாலே நான் எழுந்து பார்ப்பேன். (நாள் வரைபடத்தில் ஒரு புள்ளி 300 நொடிக்கானது. அங்கே இருபதாயிரத்தால் வகுத்துவிட்டுப் பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வகுக்கும் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேராக வருபவர்களுக்கு எங்காவது இலை கிடைத்துவிடும். பதினாறு பேர் குடும்பமாக வந்தால்? எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்ற கட்டாயம், ஹோஸ்டில் வி.எம்.களை ஓட்டும் வி-ஸ்பியரின் அடித்தளமான இப்போதைய இஎஸ்எக்ஸ்ஐயில் இல்லை. ஆனால் முதலில் உட்கார்ந்தவர்கள் பாயசத்துக்குப் போய்விட, மற்றவர்களுக்கு இன்னும் இலையே விழவில்லை என்றால், முந்தியவர்களைக் கையை நிறுத்தச் சொல்லிவிடுகிறது. கோ-ஸ்டாப் என்ற பெயரில் அது தனியாகப் பதிவாகும். எங்கள் கணக்கு வி.எம்.மில் அதுவும் உயர்ந்தே இருந்தது. அதே ஹோஸ்டில் இதே போலப் பெருத்த வேறு நான்கு வி.எம்.களும் இருந்தன. 32 கோர் கொண்ட ஹோஸ்டில் மொத்தம் 190 வி-சிபியு.

போதாக்குறைக்கு, புது வி.எம்.களை உருவாக்கும் எங்கள் டெம்ப்ளேட்டில் ஹாட் ஆட்டை எல்லா வி.எம்.முக்கும் இயக்கி வைத்திருந்தோம். 8ஆம் பதிப்புக்கு முன்பு அப்படி இயக்கினால், ஹோஸ்டின் நியூமா அமைப்பு வி.எம்.முக்குத் தெரியாமல் போய்விடும். எந்த நினைவகம் அருகில், எது தொலைவில் என்று அறியாமலே பெரிய வி.எம்.கள் ஓடும். பின்னால் தேவைப்படலாம் என்று வைத்த வசதிக்கு நாங்கள் தினமும் விலை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

16ஐ 6 ஆக்குகிறேன் என்று எழுதினேன். "பதினாறுக்குக் கீழே போனால் நாங்கள் பொறுப்பல்ல" என்று மென்பொருள் நிறுவனம் பதில் அனுப்பியது. கணக்குத் துறைத் தலைவர், "இருப்பதையும் பிடுங்கினால் எப்படி சார் வேகமாகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்து அரை மணி நேரம் விளக்கினேன். ஒப்புதல் வாங்கி, நாள் குறித்து, அது இருமுறை தள்ளிப்போய், கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அணைத்தேன். பக்கத்து நான்கையும் அதே இரவில் பாதியாக்கினேன். எண்ணை மாற்றி மறுபடி இயக்க நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடத்துக்கு மூன்று மாதம் அலைந்தேன்.

அந்த மாதக் கடைசி அறிக்கை 29 நிமிடத்தில் முடிந்தது. ரெடி ஒரு சதவீதத்துக்குக் கீழே. கணக்குத் துறைத் தலைவர் தானே அழைத்து, "எத்தனை கூட்டினீர்கள்?" என்று கேட்டார். பத்தைக் குறைத்ததை நினைவுபடுத்தினேன். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சிகளில் அது ஒன்று. வேறு எந்த நிரலும் மாறவில்லை, ஒரு ரூபாய்க்கு வன்பொருள் வாங்கவில்லை.

ஆக, தம்பி, இது நல்ல கருவி. எங்கே வலிக்கிறது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் இன்னொன்றை நான் பழகியதில்லை. ஆனாலும் உன் மூன்று சர்வருக்கு இதை வாங்காதே.

காரணம் உரிமம்தான். 2023 நவம்பரில் பிராட்காம், விஎம்வேரைக் கையகப்படுத்தியது. அடுத்த மாதமே ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனை நின்றது. இப்போது கோர் கணக்கில் சந்தா மட்டும். ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர் என்று கணக்கிடுகிறார்கள். உன்னிடம் இருப்பவை சர்வருக்கு இரண்டாக ஆறு சிபியு, ஒவ்வொன்றிலும் எட்டு கோர். மொத்தம் 48 கோருக்கு நீ 96க்குப் பணம் கட்ட வேண்டும். நீ சொன்ன 7ஆம் பதிப்புக்கோ பொது ஆதரவு 2025 அக்டோபர் 2ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்படியே இருந்துவிடலாம் என்ற வழியும் இல்லை. 600 வி.எம்.மும் அதைச் சுற்றிப் பின்னிய பத்தாண்டுப் பழக்கமும் இருப்பதால் நாங்கள் நகர முடியாமல் இருக்கிறோம். உனக்கு அந்தச் சுமை இல்லை.

இதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸைப் பார். வியன்னாவிலிருந்து 2008 முதல் வருகிறது. வி.எம்.களை ஓட்ட லினக்ஸிலேயே இருக்கும் கேவிஎம் மேல் நிற்கிறது. பயன்படுத்த உரிமக் கட்டணம் இல்லை, ஆதரவு வேண்டுமானால் சாக்கெட் (சிபியு பொருத்தும் இடம்) கணக்கில் சந்தா. மூன்று சர்வர் இருப்பதால் குவோரத்துக்கு (ஒரு சர்வர் விழுந்தாலும் கிளஸ்டர் முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மைக்கு) கவலையில்லை. 2024இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து இஎஸ்எக்ஸ்ஐயில் இருக்கும் வி.எம்.களை நேரடியாக இழுத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. டிஆர்எஸ் இல்லையே என்று உனக்குத் தோன்றலாம், ஆனால் நாற்பது வி.எம்.முக்கு நீயே டிஆர்எஸ்ஸாக இருக்கலாம். ரெடி வரைபடத்தைத் தேடாதே. லினக்ஸ் வி.எம்.முக்குள் டாப் கட்டளையில் "எஸ்டி" என்ற எண்ணைப் பார். அங்கே அதே காத்திருப்புதான் வேறு பெயரில் தெரியும்.

இதையெல்லாம் சொன்ன பிறகு, "எதில் தொடங்கட்டும் அண்ணா?" என்றான். நகர்த்துவதற்கு முன்பு நாற்பது வி.எம்.மின் பட்டியலையும் வி-சிபியு எண்ணிக்கையோடு அனுப்பச் சொன்னேன். நேற்று இரவு வந்தது. நான்காவது வரியில் வருகைப்பதிவு சர்வர், 8 வி-சிபியு, பயன்பாடு 3 சதவீதம். தொழிற்சாலைக்கு ஞாயிறு விடுமுறைதானே, அன்று காலை அதை அணைத்து இரண்டாக்கிவிடு என்று பதில் எழுதியிருக்கிறேன்.