சாடோ தீவா, ஊர்க்குழுவா? தாய்கோ மேடைக்கு இரண்டு வழிகள்

தாய்கோ என்பது ஜப்பானிய முரசு. அதை வாசிக்கும், 1981இல் தொடங்கிய கோடோ குழுவில் சேர, ஜப்பானின் சாடோ தீவில் இரண்டு ஆண்டுகள் தங்கிப் பயில வேண்டும். கைபேசியும் தொலைக்காட்சியும் கிடையாது. காலை ஓட்டம், சமையல், துப்புரவு, வயல்வேலை. இவற்றோடு முரசு, பாட்டு, நடனம். இரண்டாண்டு முடித்தாலும் இடம் உறுதியில்லை. தேர்வாகிறவர்கள் முதலில் தகுதிகாண் உறுப்பினர்கள்தான்.

1973இல் உருவான சான் ஹோசே தாய்கோவைப் போன்ற அமெரிக்கக் குழுக்களில் வேலையை விடாமலே பழகலாம். ஜப்பானில் கெயாக்கி மரத்தைக் குடைந்து செய்யும் முரசுக்குப் பதில், ஒயின் பீப்பாயில் மாட்டுத்தோல் கட்டும் வழக்கம் அங்கே வளர்ந்தது. தோலை இழுத்து ஆணியடிக்கக் கற்பதும் நல்ல பயிற்சிதான்.

இரண்டு இடத்திலும் தடுமாற்றம் ஒன்றே: இடக்கை. அடிகளை வாயால் சொல்லும் சொற்களில் ‘டொன்’ என்பது ஓர் அடி, ‘டொகொ’ விரைவான இரண்டு அடி, ‘கா’ விளிம்பில். ‘டொகொ’வின் இரண்டாம் அடி மெலிந்தால் தாளம் ஓடிவிடும். வாயால் சொல்லிக்கொண்டே மெதுவாக, இடக்கையில் தொடங்கி அடிக்க வேண்டும். பாச்சி எனும் முரசுக் குச்சியை இறுகப் பிடித்தால் கொப்புளம். தோளால் அடித்தால் பத்து நிமிடத்தில் கை ஓயும்.

யதாய்-பாயாஷி என்ற முரசு உருப்படிக்கு உட்கார்ந்தபடி பின்னால் சாய்ந்து வாசிக்கும் வயிற்று வலிமை வேண்டும். வாரம் இருமுறை பழகினால் அது மெதுவாகவே வரும். சாடோவின் அன்றாட ஓட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. குடும்பப் பொறுப்புள்ளவருக்கு அந்தத் தீவு ஒத்துவராது.