சாக்கெட் டெஸ்ட் பேட்ச் பார்ப்பவர்களுக்கு வர்ட்மீ-என்ஜி

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் நெட்வொர்க் செல்ஃப்டெஸ்ட்களுக்கு (கர்னலோடு கூடவே வரும் சோதனை நிரல்கள்) வரும் பேட்ச்களை, அதாவது மாற்றங்களை, ரிவ்யூ செய்வது என் அன்றாட வேலை. அதற்கு நான் தினமும் நம்பியிருக்கும் கருவி வர்ட்மீ-என்ஜி. ஆண்டி லூட்டோமிர்ஸ்கியின் பழைய வர்ட்மீயை எடுத்து ஆண்ட்ரியா ரிகி வளர்த்தது. கர்னலை பில்ட் செய்துவிட்டு அதே இடத்தில் 'விஎன்ஜி' என்று அடித்தால் போதும், சில நொடிகளில் புது கர்னல் கியூஎமு என்ற மெய்நிகர் மெஷினுக்குள் எழுந்து நிற்கும். தனி டிஸ்க் இமேஜ் வேண்டாம். நம் மெஷினில் இருக்கும் ஃபைல்களையே அது பார்க்கும்.

போன வாரம் டிசிபி சாக்கெட் (நிரல்கள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் இணைப்பு முனை) பிழை ஒன்றுக்குத் திருத்தமும், கூடவே அதைச் சோதிக்கும் ஷெல் ஸ்கிரிப்டும் வந்தன. சர்வரைப் பின்னணியில் ஓடவிட்டு, 'ஸ்லீப் 1' என்று ஒரு நொடி காத்திருப்பு, அப்புறம் கிளையன்ட். அந்த ஸ்லீப்பைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். ஆனால் சந்தேகத்தை மட்டும் எழுதி அனுப்பினால், "என் மெஷினில் பாஸ் ஆகிறதே" என்பார் எழுதியவர். அதிலும் நியாயம் இருக்கிறது.

அதனால் ஓட்டிப் பார்த்தேன். கேசான் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும், ஆனால் வேகத்தைக் குறைக்கும் வசதி) போட்ட கர்னல், ஒரே ஒரு சிபியு, பக்கத்தில் இன்னொரு பில்ட் வேறு. 200 சுற்றில் 3 முறை 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'. சர்வர் லிசன் நிலைக்கு வருவதற்கு முன்பே கிளையன்ட் கதவைத் தட்டிவிட்டது. செல்ஃப்டெஸ்ட்களுக்குப் பொதுவான லிப்.எஸ்எச் ஃபைலில் போர்ட் திறக்கும்வரை காத்திருக்கும் ஃபங்ஷன் தயாராகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொன்னேன்.

பெரிய குறை அடுத்துதான் தெரிந்தது. கர்னல் திருத்தத்தை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி பில்ட் செய்து ஓட்டினேன். டெஸ்ட் அப்போதும் 'ஓகே 1' என்றது! திரையில் சர்வர் "64 பைட் வரவேண்டும், 0 வந்தது" என்று புலம்பிவிட்டு 1 என்ற எக்ஸிட் கோடோடு, அதாவது தோல்வி என்று சொல்லி, வெளியேறியிருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்டின் கடைசி வரி, பின்னணி வேலை முடியக் காத்திருக்கும் வெறும் 'வெயிட்'. பிராசஸ் எண் கொடுக்காத வெயிட் எப்போதும் 0 தான், அதாவது வெற்றி என்றுதான், திருப்பித் தரும். பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாஸ் ஆகும் டெஸ்ட், இல்லாததைவிட மோசம். ஏனென்றால் அந்த இடத்தில் காவல் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

வர்ட்மீ-என்ஜிக்குக் குறைகளும் உண்டு. நம் மெஷினின் கருவிகளையே எடுத்துக்கொள்வதால், நெட்வொர்க்கை அமைக்கும் ஐபி கட்டளை பழையதாக இருந்தால் சில டெஸ்ட்கள் 4 என்ற கோடோடு ஸ்கிப் ஆகிவிடும். அவசரத்தில் பார்த்தால் பாஸ் போலத் தெரியும், ஒவ்வொரு வரியையும் படித்தே ஆக வேண்டும். நிஜ நெட்வொர்க் கார்டின் டிரைவரைச் சோதிக்க இது உதவாது. கர்னலில் எந்தெந்த வசதிகள் சேர வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிகும் முக்கியம்: செல்ஃப்டெஸ்ட் அடைவிலேயே இருக்கும் கான்ஃபிக் ஃபைலைச் சேர்த்து பில்ட் செய்யாவிட்டால் தேவையான மாட்யூல்கள் இருக்காது. ஆரம்பத்தில் ஒரு மாலை முழுவதும் எனக்கு இதில் போனது.

அந்த பேட்சின் இரண்டாம் பதிப்பு நேற்று வந்தது. ஸ்லீப் போய்விட்டது, வெயிட்டுக்குச் சர்வரின் பிராசஸ் எண் வந்துவிட்டது. திருத்தத்தை நீக்கி ஓட்டினேன்: 'நாட் ஓகே 1'. மறுபடி சேர்த்து, அதே ஒற்றை சிபியுவில் 200 சுற்று விட்டேன். எல்லாம் ஓகே. நான் சோதித்தேன் என்று சொல்லும் 'டெஸ்டட்-பை' வரியைப் போட்டு அனுப்பிவிட்டேன்.